சொன்னால் மட்டும் அமுக்கு

சொன்னால் மட்டும் அமுக்கு, சொல்லாமல் தொடாதே, இவ்வளவுதான் பூங்கோதைக்கு இட்டிருந்த வேலை, இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை. மடியில் ஒரு மஞ்சள் டப்பா, டப்பாவின் தலையில் காளான் குடை மாதிரி ஒரு சிவப்புப் பட்டன், டப்பாவிலிருந்து கிளம்பின கறுப்பு ஒயர் தரையோடு ஓடி மிசினுக்குள் போயிருந்தது. மிசின் என்றால் அவள் புருசன் ஈஸ்வரமூர்த்தி கார் ரேஸ் விளையாடுகிற மிசின். கார் கிடையாது, ஆனால் காருக்குள் இருக்கிறதெல்லாம் உண்டு: சீட்டு, ஸ்டியரிங், பெடல், தோளையும் இடுப்பையும் இறுக்குகிற பெல்ட்டு, எதிரே சுவரையே அடைத்துக்கொண்டு மூன்று திரை. இரும்புச் சட்டத்தின் நாலு மூலைக்கும் நாலு கால், ஒவ்வொன்றும் கீழே ஒரு இரும்புத் தட்டில் ஊன்றி நீளும், சுருங்கும். திரையில் கார் பள்ளத்தில் இறங்கினால் சட்டமும் இறங்கும், வளைவில் சாய்ந்தால் சாயும், சுவரில் மோதினால் உட்கார்ந்திருப்பவனைத் தூக்கிப்போட்டு உலுக்கும். மாடி ரூமில் இதைப் பூட்டிக்கொடுத்த ஆட்கள் போகும்போது, “தனியா ஓட்டாதீங்க சார், கை கால் துணி ஏதாச்சும் சிக்குனா பட்டனை அமுக்கப் பக்கத்துல ஒரு ஆள் இருக்கோணும்” என்று சொன்னார்கள். ஆள் என்றதும் அவன் திரும்பிப் பார்த்தது இவளைத்தான். சமையலுக்கு ஆள், துணிக்கு ஆள், அடிக்கு ஆள், அன்றையிலிருந்து பட்டனுக்கும் ஆள். போன மாசம் ஒருநாள் மிசின் ஆடின ஆட்டத்தில் எங்கேயோ கிறீச்சென்று சத்தம் கேட்டது, ஐயோ என்னவோ ஆச்சு என்று பதறி அமுக்கிவிட்டாள். ஒன்றும் ஆகியிருக்கவில்லை. எல்லாம் அணைந்து, முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தவன் கடைசியானான், அதுதான் ஆனது. பெல்ட்டைக் கழற்றினான், எழுந்து வந்தான், அவசரமே படவில்லை, ஹெட்போனைக் கழற்றி அதன் வளைவைப் பிடித்து இவள் இடது காதில் ஓங்கி ஒன்று வைத்தான். அன்றைக்கு அந்தக் காதுக்குள் குடிவந்த வண்டு இன்னும் காலி செய்யவில்லை. “நான் சொன்னா மட்டும் அமுக்கு. சொல்லாமத் தொட்டே, தொலைச்சுப்புடுவேன்.” சரி, தொடவில்லை. பட்டனுக்கு ஒரு விரல்கடை தள்ளி வலது கையை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையின் கடைசி இரண்டு விரலும் கோணல். அதை அவள் பார்க்கமாட்டாள்.

இன்றைக்கு ஆயுத பூஜை, அதனால் அவன் பட்டு வேட்டியில் இருந்தான். காலையில் தன் வார்ப்படப் பட்டறையில் பூஜையை முடித்து, வீட்டுக்கு வந்து இரண்டு காருக்கும் ஸ்கூட்டருக்கும் பொட்டு வைத்து, மாடியேறி இந்த மிசினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சாப்பிட்டுவிட்டு, வேட்டியை மாற்றச் சோம்பல்பட்டு அப்படியே ஏறி உட்கார்ந்துவிட்டான். பூஜைக்கு வந்திருந்த அவன் அக்கா சாந்தாமணிதான், “வண்டின்னா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெக்கோணுமே, இதுக்குச் சக்கரத்தை எங்கடா காணோம்?” என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தாள். யோசித்து, ஒவ்வொரு காலின் அடித்தட்டிலும் ஒரு பழம் வைத்தார்கள். மிசினைப் போட்டதும் சட்டம் இறங்கியது. நாலு பழமும் ஒரே நேரத்தில் பச்சென்று பிதுங்கி, சாறு சுவரில் அடித்தது, சாந்தாமணி கை தட்டினாள். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் தோல் மட்டும்தான் மிச்சம், காகிதம் மாதிரி. பூங்கோதை அதைப் பார்க்காமல் சுவரைத் துடைக்கத் துணி எடுக்கப் போனாள். வாசலில் பூசணிக்காயும் அவன்தான் உடைத்தான், வேறு யாரையும் விடமாட்டான். இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு போட்டான், குங்குமத் தண்ணீர் கேட் வரைக்கும் தெறித்தது, சதை சதையாக ரோட்டில் கிடந்ததை ஒரு டெம்போ ஏற்றிக்கொண்டு போனது. அவன் முகத்தில் அப்போது வந்த நிம்மதி இருக்கிறதே, அது வருசத்தில் இரண்டு மூன்று தடவைதான் வரும், ஒவ்வொரு தடவையும் ஏதாவது உடைந்திருக்கும். ஏசி ரூமுக்குள் எலுமிச்சை வாசம் அடைத்துக்கிடந்தது. நல்ல வாசம்தான். அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

திரையில் பச்சை விளக்கு விழுந்தது, மிசின் முன்கால்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தது, அவன் தலை சீட்டில் போய் மோதியது, போட்டி கிளம்பியாயிற்று. எங்கெங்கேயோ அவரவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆட்களோடு ஹெட்போனில் பேசிக்கொண்டே ஓட்டுவான், பேச்சு என்ன பேச்சு, “விட்ரா, விட்ரா, வழிய விட்ரா, இடிச்சுத் தள்ளிப்போட்டுப் போயிருவேன்” என்பதுதான் முழுசும். ரோட்டிலும் இதே பேச்சுத்தான். அவிநாசி ரோட்டில் தன்னை முந்திப் போனதற்காக ஒரு வேன்காரனை மறித்து, இழுத்து இறக்கி, ஜாக்கி லீவரால் முதலில் வேனின் கண்ணாடியை உடைத்தான், பிறகு அந்த ஆளின் முழங்கையை உடைத்தான். பூங்கோதை வண்டிக்குள் இருந்தாள். கண்ணாடி உடைகிற சத்தத்துக்கும் எலும்பு உடைகிற சத்தத்துக்கும் வித்தியாசம் உண்டு, இரண்டாவது சின்னச் சத்தம், ஆனால் அதுதான் ராத்திரியில் கேட்கும். கேஸ், வக்கீல், சமாதானம், கடைசியில் லைசென்ஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அப்போது சாந்தாமணிதான் சொன்னாள், “ஊட்டுக்குள்ளயே ஒரு மிசினு வாங்கிப் போட்டு ஓட்டட்டும் அம்மிணி, கோவமெல்லாம் அதுலயே எறங்கீரும், உனக்கும் நிம்மதி.” நல்ல மனசோடுதான் சொன்னாள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கோபம் என்ன தொட்டித் தண்ணீரா, அடைப்பானைப் பிடுங்கினால் இறங்கிப்போக? மிசினில் ஜெயித்தால் அந்தக் குஷியில் அடித்தான், தோற்றால் தோற்றதற்கு அடித்தான், முன்னே ரோட்டில் போகிறவர்களுக்கும் கொஞ்சம் பங்கு போனது, இப்போது முழுப் பங்கும் வீட்டுக்கே. சட்டம் இடதுபக்கம் சாய்ந்தது, வலதுபக்கம் சாய்ந்தது. சாய்கிறபோதெல்லாம் அவளும் நாற்காலியில் சாய்ந்தாள், சாயாதே என்று உடம்புக்குச் சொன்னாலும் கேட்பதில்லை, பல வருசம் அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போன உடம்பு. பல்லடம் ரோட்டிலும் இப்படித்தான் சாய்ந்து சாய்ந்து போனாள். கொஞ்சம் மெதுவாப் போங்க என்று சொன்னாள். அது ஒன்றுதான் சொன்னாள். ஓரமாக வண்டியை நிறுத்தி, இறங்கு என்றான், இறங்கினாள், பையை எடுக்கக் குனிந்து காரின் கதவு வந்து பொருந்துகிற தூணில் கையை வைத்தாள், அவன் இந்தப் பக்கம் வந்தான், வந்து. வேண்டாம். எலுமிச்சைத் தோலைப் பெருக்காமல் விட்டது ஞாபகம் வந்தது, எறும்பு வரும், சாயங்காலம் பினாயில் போட்டுத் துடைக்கவேண்டும், அதை நினைப்போம்.

துடைப்பதை நினைத்துக்கொண்டே விரல் சும்மா இருக்கமாட்டாமல் பட்டனின் கழுத்தைத் தடவியது, தடவின இடத்தில் நார் தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள். ஸ்டியரிங்குக்குப் போட்டு மிஞ்சின செவ்வந்திச் சரத்தை, இதுவும் மிசின்தானே என்று, அவனே தன் கையால் இந்தப் பட்டனுக்கும் சுற்றியிருந்தான். பூவெல்லாம் மேலே குடையைச் சுற்றி அழகாக இருந்தது. பூவுக்கு அடியில் வாழைநார், குடைக்கும் டப்பாவுக்கும் நடுவில் இருக்கிற கழுத்தில் சுற்றுமேல் சுற்று, அதன்மேல் சந்தனம் அப்பி, காய்ந்து இறுகிக் கிடந்தது. காலையில் ஈரமாக இருந்த நார் ஏசியில் காயக் காய முறுக்கேறியிருந்தது. குடை எங்கே இறங்கும்? அவள் மெல்ல, மிக மெல்ல, பெருவிரலால் சும்மா ஒரு அழுத்தம் கொடுத்துப் பார்த்தாள். இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் கொடுத்தாள். சுவர்ப்பல்லி போல ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. முடிச்சைத் தேடினாள், நகத்தால் நெம்பினாள், வார்ப்படப் பெட்டியைக் கட்டிக் கட்டிப் பழகின கை போட்ட முடிச்சு, லேசில் விடுமா. இதை அவனிடம் சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது? காதில் ஹெட்போன், கண் திரையில், மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தான், இரண்டாமவனின் பின்பக்கத்தை இடித்து இடித்து வழி கேட்டுக்கொண்டிருந்தான். போட்டி முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம். அதற்குள் ஏதாவது ஆனால்? என்ன ஆகப்போகிறது, இத்தனை நாளில் ஒன்றும் ஆகவில்லையே. ஆனால் இன்றைக்கு வேட்டி. அவள் எழுந்து, டப்பாவை ஒரு கையில் தூக்கிக்காட்டி, அவன் கண் ஓரத்தில் படும்படி போய் நின்றாள். “ஏனுங்க, பட்டன்ல பூவு சுத்திருக்குதுங்க, அமுங்க மாட்டேங்குது.” அவன் திரும்பவில்லை. தோளைத் தொட்டாள். தொட்டதுதான் தாமதம், இடது கை ஸ்டியரிங்கை விட்டு வந்து புறங்கையால் அவள் வாயில் விழுந்தது, விழுந்த வேகத்திலேயே திரும்பிப் போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது, கார் கோடு விலகக்கூட இல்லை. “போயி உக்காருடி, கம்முனு.” உதட்டில் உப்புக் கரித்தது. போய் உட்கார்ந்தாள். கம்முனு.

சொல்லியாயிற்று, சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, அவள் மனசு அந்த இடத்தில் வந்து நின்றுகொண்டது. செக்குமாடு மாதிரி அதையே சுற்றியது. சொன்னேன், அடித்தார், உட்கார்ந்தேன். சுவரில் முருகன் படத்துக்குக் கீழே மிசினுக்கான பெரிய சுவிட்சு இருந்தது. அதை அணைத்தாலும் எல்லாம் நின்றுவிடும், கால்கள் பிடியை விட்டுவிடும், சட்டத்தைக் கையாலேயே தூக்கிவிடலாம் என்று பூட்ட வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். இப்போதே போய் அணைத்தால் என்ன? அணைத்தால், இரண்டாவதாக ஏறப்போகிறவன் கடைசி ஆவான், பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு அவசரமில்லாமல் எழுந்து வருவான், இந்தத் தடவை வலது காது. கீழே நாத்தனார் இருக்கிறாள் என்பதெல்லாம் அவனுக்குக் கணக்கில்லை, கதவைச் சாத்தினால் சத்தம் கேட்காத ரூம் இது, ரேஸ் சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தான். இன்றைக்கு அவனே கதவைத் திறந்து வைத்திருந்தான், ஜெயிப்பதை அக்கா கேட்கட்டும் என்று. அடிப்பான் என்பது பயம், சரி. ஆனால் அவளை அதைவிடப் பயமுறுத்தியது, அணைக்க மனசு வராததுதான். இரண்டாமவனை இடித்துத் தள்ளி அவன் முன்னேறினபோது அந்தக் கார் புரண்டு புரண்டு போனதை அவள் பார்த்தாள். அந்தக் கார் இவனாக இருந்தால் என்று நினைத்தாள். நினைத்ததோடு விட்டாளா, கண்ணாடி உடைந்து முகத்தில் குத்துவதையும் நினைத்தாள், அந்த ஜாக்கி லீவர் தன் கையில் இருப்பதையும் நினைத்தாள், முழங்கையில் போடலாம், இல்லை, முட்டியில், அந்தச் சின்னச் சத்தம் கேட்கிறவரைக்கும், கேட்ட பிறகும். கோழிக் கழுத்தைத் திருகும்போது கையில் ஒரு துடிப்பு வந்து அடங்குமே, அது ஞாபகம் வந்து உள்ளங்கை வேர்த்தது. சாமி படம் இருக்கிற ரூமில், பூஜை நாளும் அதுவுமாக, என்ன நினைப்பு இது, தூ. கீழேயிருந்து சாந்தாமணி குரல் கொடுத்தாள், “அம்மிணி, காப்பி போடட்டுமா, தம்பி முடிச்சுட்டானா?” “இன்னுங் கொஞ்ச நேரமுங் நங்கையா” என்றாள். குரல் எப்போதும்போல இருந்தது, அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வேட்டியின் சரிகைக் கரை சீட்டிலிருந்து நழுவி இடது பின்காலின் பக்கம் தொங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். சட்டம் ஏறும்போது கரை தட்டுக்குமேல் ஆடியது, இறங்கும்போது தட்டின்மேல் படிந்தது. ஏறியது, ஆடியது. இறங்கியது, படிந்தது. நசுங்கின எலுமிச்சைச் சாற்றின் பிசுபிசுப்பு இன்னும் தட்டில் இருந்தது, மூன்றாம் தடவை கரை அதில் ஒட்டிக்கொண்டது. அடுத்த தடவை இரும்புக்கு நடுவில் போய்விட்டது. சொன்னால் மட்டும் அமுக்கு. அவன் இன்னும் சொல்லவில்லை. சட்டம் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் வேட்டி ஒரு பிடி உள்ளே போனது, அவன் இடுப்பை நெளித்தான், ஏதோ இழுக்கிறது என்று தெரிந்தது, கண்ணைத் திரையிலிருந்து எடுக்க மனசில்லை, முதலாமவன் எட்டுகிற தூரத்தில் இருந்தான். கொடுத்த காசுக்குத் தறிக்காரன் நெய்த பட்டு, கிழியவும் இல்லை. தொடை இறுகியது, பெடலிலிருந்து கால் தவறியது, “எந்தச் சனியன்டா இது” என்று இடது கையைத் தொங்கவிட்டுத் துணியைப் பிடித்து இழுத்தான். பூங்கோதை எழுந்து நின்றுவிட்டாள். கையை எடுங்க என்று வாய் திறந்தது, சத்தம் வந்ததா வரவில்லையா அவளுக்குத் தெரியவில்லை, வந்திருந்தாலும் அவன் காதில் ஹெட்போன். ஒரு கையால் ஓட்டின கார் வளைவில் வழுக்கிச் சுவரில் போய் மோதிற்று. மிசின் தூக்கிப்போட்டது, உலுக்கியது, கார் இடதுபக்கமாகச் சாய்ந்து நின்றது, சட்டமும் இடதுபக்கமாகச் சாய்ந்து, நடுவில் அவன் கை இருக்க, தட்டின்மேல் உட்கார்ந்து, அழுத்தி, அப்படியே நின்றது. சின்னச் சத்தம்தான். அப்புறம் அவன் கத்தினான், கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவள் கேட்டிராத குரல் அது. ஹெட்போன் கழன்று கழுத்தில் தொங்கியது. உடம்பைத் திருப்பப் பார்த்தான், பெல்ட்டு விடவில்லை, பெல்ட்டின் பூட்டு வேட்டிச் சுருக்குக்குள் புதைந்திருந்தது. “அமுக்கு. அமுக்குடி. பூங்கோதை, அமுக்கு.”

சொல்லிவிட்டான், அவள் அமுக்கினாள். கோணல் விரலை மடக்கி, உள்ளங்கையை வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு, அவன் பார்க்கப் பார்க்க அமுக்கினாள். நார் கறுக்கென்றது, விடவில்லை. “அமுங்கலீங்க” என்றாள். “சுவிட்சு, சுவத்துல இருக்கற சுவிட்சு, ஓடு” என்றான். முகமெல்லாம் சாம்பல் பூத்து, கண் பிதுங்கி, உதட்டோரம் எச்சில் ஒழுகியது. பாவம் என்று ஒரு கணம் இருந்தது, நிஜமாகவே இருந்தது. அவள் டப்பாவை நாற்காலியின்மேல் பதனமாக வைத்தாள். சுவிட்சுக்குப் போக மிசினைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகவேண்டும், திரைகளுக்கு முன்னால். நடந்தாள். நடக்க ஆரம்பித்த பிறகுதான் பல்லடம் ரோடு, வேண்டாம் வேண்டாம் என்று இத்தனை நாள் பாதியில் நிறுத்தி வைத்திருந்த பல்லடம் ரோடு, தானாக வந்து முழுசாக ஓடியது. அவன் இந்தப் பக்கம் வந்தான், வந்து, தூணில் அவள் கை இருப்பதைப் பார்த்தான், பார்த்துவிட்டுத்தான் கதவை அறைந்தான். அறைந்துவிட்டு அந்தப் பக்கம் ஏற நடந்தான். ஏனுங்க, கை, ஏனுங்க, கை, என்று இவள் அலறினாள். கேட்டது, ஏனென்றால் நின்றான். நின்று, பானெட்டின்மேல் காக்காய் எச்சம் கிடந்ததைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்தான். கறை போகவில்லையென்று வாயால் ஊதி இன்னொரு தடவை துடைத்தான். கைக்குட்டையை அழுக்கு உள்ளே போகும்படி இரண்டாக மடித்தான், நாலாக மடித்தான், பையில் வைத்தான். அப்புறம் வந்து கதவைத் திறந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடமும் வீட்டில் சாந்தாமணியிடமும், காத்துக்குக் கதவு சாத்திக்கிச்சு என்று சொன்னது இவள்தான், இவள் வாயால்தான் சொன்னாள், அவன் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டினான். விரலைக்கூட மறந்துவிடலாம். அந்தக் கைக்குட்டையை அவளால் மறக்க முடியவில்லை.

“ஓடுடி” என்று பின்னால் கத்தினான், பிறகு “ஓடும்மா” என்றான், பிறகு வெறும் சத்தம். முருகன் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். படத்திலிருந்து ஒரு செவ்வந்தி உதிர்ந்து தரையில் கிடந்தது. மிதிபடக்கூடாது. குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிப் படத்தின்மேலேயே வைத்தாள், அது நிற்காமல் மறுபடி விழப்பார்த்தது, சரியாகச் செருகினாள். சுவிட்சின்மேல் காலையில் அவன் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்பியிருந்தது. முந்தானை நுனியை எடுத்து அதைத் துடைத்தாள். முழுசாகப் போகவில்லை. வாயால் ஊதி இன்னொரு தடவை துடைத்தாள். முந்தானையை, குங்குமம் உள்ளே போகும்படி, இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் சுவிட்சை அணைத்தாள். மூன்று திரையும் இருண்டன, கால்கள் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் விட்டு ஓய்ந்தன, காதுக்குள் வண்டு மட்டும் இருந்தது. மாடிப்படியில் சாந்தாமணி ஏறிவருகிற சத்தம் கேட்டது, “என்ன அம்மிணி, தம்பி கத்துன மாதிரி இருந்துச்சே, என்னாச்சு?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சட்டத்தைத் தூக்கிவிடக் குனிந்த பூங்கோதை, குனிந்தபடியே அவன் கண்ணைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். எல்லாம் புரிந்துபோன பார்வைதான்.

“ஒண்ணுமில்லீங் நங்கையா” என்றாள். “காத்துக்குக் கதவு சாத்திக்கிச்சு.”